ஆடாத ஏழு

கேபிளைப் பிடுங்கினால் திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'பெட்டி இல்லை.' திரும்பச் செருகினால் எண் வந்தது. பிடுங்கினாள், சிவப்பு. செருகினாள், எண். காலையிலிருந்து கன்னிகா இதையேதான் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது சிவப்பு எழுத்தும் இல்லை, ஒழுங்கான எண்ணும் இல்லை. ஒரு ஏழு வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நிற்கிற ஏழு. சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் அது அப்படித்தான் நின்றது. திருப்பதியில், அவள் மேசையில், வரவே மாட்டேன் என்றது.

பெட்டி என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. கூழ் ஆலைகளில் குளிர் அறையைக் குளிரவைப்பது அமோனியா. குழாயில் ஒரு மூட்டு விட்டுப்போனால் அந்த வாயு வெளியே வந்து கண்ணையும் மூச்சையும் அடைத்துவிடும். அதனால் சுவரில் இந்தப் பெட்டியை மாட்டியிருப்பார்கள். நொடிக்கு ஒருமுறை காற்றை மோந்து, அதில் எவ்வளவு அமோனியா இருக்கிறது என்று யூஎஸ்பி கேபிள் வழியாகப் பக்கத்து அறைக் கணினிக்கு ஓர் எண்ணை அனுப்பும். பத்துக்குள் இருந்தால் ஒன்றும் பயமில்லை. இருபத்தைந்தைத் தொட்டால் அலாரம் அடிக்கும்.

அன்று அடிக்கவில்லை. நடைவழியைக் கழுவிக்கொண்டிருந்த சுந்தரம்மா அங்கேயே விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. அவ்வளவு நேரமும் திரையில் ஏழு என்றே இருந்தது. அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் மணிவேல், கன்னிகாவின் கூடப்பிறந்த அண்ணன்.

ஆலை மேனேஜர் முனுசாமி காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தரை கழுவும்போது தண்ணீர் தெறிக்காமல் இருக்க, பெட்டிக்கு ஒரு பாலித்தீன் கவரைப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டுவார்கள். கழுவி முடித்ததும் கழற்றுவது ஆபரேட்டர் வேலை. 'மணிவேல் மறந்துவிட்டான்.' அப்படியே எழுதிவைத்திருந்தார்கள். திங்கட்கிழமை தொழிலாளர் துறை அதிகாரி வருவார். அவர் முன்னால் மணிவேல் கையெழுத்துப் போட வேண்டும்.

பெட்டியோடு பேசுகிற 'டிரைவர்' என்ற மென்பொருளை எழுதிக்கொடுத்தது கன்னிகா வேலை பார்க்கும் கம்பெனி. அலிபிரிக்குப் போகும் சாலையில் மருந்துக்கடைக்கு மேல் மாடி, மொத்தம் ஒன்பது பேர். முதலாளி சிட்டிபாபு அவளைக் கூப்பிட்டு, "அந்த டிரைவர ஒரு தடவ ரிவ்யூ பண்ணிடும்மா. தப்பு வந்தா அது எப்டி சமாளிக்குதுன்னு மட்டும் பாரு" என்றபோது அவள் மறைக்கவில்லை.

"சார், அந்த ஆபரேட்டர் எங்க அண்ணன்."

"தெரியும்மா. அதனாலதான் உனக்குக் குடுக்கறேன்" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீயே பாத்து ஒண்ணும் இல்லன்னு எழுதினா, அப்புறம் யாரும் வாய் தெறக்க மாட்டாங்க பாரு."

அவர் கணக்கு அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

பெட்டியின் மேல் பாலித்தீன் கவரைக் கட்டியும் பார்த்தாயிற்று. எண் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று ஆடிக்கொண்டேதான் இருந்தது. மோந்து பார்க்கும் பொருள் எதுவானாலும் அப்படித்தான். காற்று அசைகிறது, மின்சாரம் நடுங்குகிறது, எண்ணும் கூடவே நடுங்கும். அரை மணி நேரம் ஒரே எண்ணைச் சொல்ல எந்த உணரியாலும் முடியாது. அப்படியானால் அந்த ஏழைப் பெட்டி சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் பிடுங்கிக்கினே கீறியா அக்கா? போர்ட்டே கழண்டு கையில வந்துடப்போவுது" என்றான் பக்கத்து மேசை யஸ்வந்த். டிரைவருக்குக் கோடு, அதாவது நிரல், எழுதியவன் அவன்தான். மற்றவர்கள் வேலையில் தப்புத் தேடும்போது வாய்க்கு வந்ததைப் பேசுவான். தன் வேலையில் தேடினால் இன்னும் அதிகமாகப் பேசுவான்.

"உன் கோடுதானே. தப்பு வந்தா இன்னா பண்ணுதுன்னு நீயே சொல்லேன்."

"நான் எழுதினது பாதி. மீதி கீபோர்டு டிரைவர் ஒண்ண வெச்சிக்கினு அத மாதிரியே எழுதினது. எவ்ளோ வருஷமா ஓடிக்கினு கீது அது. அதுல நீ தப்பு கண்டுபுடிச்சேன்னா அலிபிரி முக்குல உனக்கு சிலை வெக்கச் சொல்றேன்."

"சிலை வேணாம். டீ வாங்கிக் குடு."

டிரைவர் என்பது கணினிக்கும் பெட்டிக்கும் நடுவில் நிற்கிற சிறு நிரல். 'என்ன எண்?' என்று பெட்டியைக் கேட்கும். பதில் வந்தால் எடுத்து ஒரு மூலையில் வைத்துக்கொள்ளும். திரையில் காட்டுகிற நிரல் வந்து கேட்டால் மூலையில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலோடு கூட ஒரு நிலைக் குறியும் வரும். பூஜ்ஜியம் என்றால் எல்லாம் சரி. வேறு எதுவானாலும் ஏதோ பிழை.

யஸ்வந்த் எழுதியதில் மூன்று கிளைகள் இருந்தன. நிலை சரி என்றால் எண்ணை எடுத்து வை. பெட்டியே போய்விட்டது என்றால் கேட்பதை நிறுத்து, மேலே சொல். மூன்றாவது கிளைக்கு ஒரே வரி. மற்ற எந்தப் பிழையானாலும் விட்டுவிட்டு, மறுபடி கேள்.

கன்னிகா அந்த வரியிலேயே நின்றாள். கீபோர்டுக்கு இது சரிதான். ஓர் எழுத்து வழியில் தொலைந்தால் தட்டுகிறவர் திரையைப் பார்த்து இன்னொரு தடவை தட்டுவார். கீபோர்டுக்கு முன்னால் எப்போதும் ஓர் ஆள் உண்டு. குளிர் அறைச் சுவரில் மாட்டிய பெட்டிக்கு யார் இருக்கிறார்கள்? மூன்றாவது கிளையிலேயே டிரைவர் சுற்றிச்சுற்றி வந்தால் புது எண் எதுவும் மூலைக்கு வராது. கடைசியாக வைத்த எண் அங்கேயே கிடக்கும். கேட்கிறவர்களுக்கு அதையே எடுத்துக் கொடுக்கும். அது இப்போது வந்ததா, அரை மணிக்கு முன்னால் வந்ததா என்று எண்ணைப் பார்த்தால் தெரியாது.

இதுவரை புரிந்தது. ஆனால் அரை மணி நேரம் மூன்றாவது கிளையில் இருக்க வேண்டுமானால், பெட்டி இருக்கவும் வேண்டும், அது சொல்வது விளங்காமலும் இருக்க வேண்டும். கேபிளைப் பிடுங்கினால் பெட்டி போய்விடுகிறது, இரண்டாவது கிளை சரியாக வேலை செய்கிறது. செருகினால் முதல் கிளை. மூன்றாவதுக்குள் எப்படிப் போவது? அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத ஒன்றை 'இப்படி நடந்திருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தால், தங்கை அண்ணனுக்காக எழுதினாள் என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் சித்தூர் பஸ் ஏறினாள்.

மணிவேல் குடும்பம் வரதய்யபாளையம் பக்கத்திலிருந்து வந்து சித்தூரில் வாடகைக்கு இருந்தது. அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி. இந்த வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளத்துக்குப் போனவன் மணிவேல். அவன் சம்பளத்தில்தான் கன்னிகா படித்தாள். இப்போது பனியனோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"வா கன்னி. துன்னியா?"

"நீ துன்னியான்னு முதல்ல சொல்லு."

"எங்க துன்றாரு?" என்றாள் அண்ணி ரூபா, சமையல் பக்கத்திலிருந்து. "தட்ட வெச்சா அதையே பாத்துக்கினு கீறாரு. கவர கழட்டினேனா கழட்டலியான்னு என்னியே கேக்கறாரு. நான் இன்னா அங்க வந்து பாத்தேனா?"

"கழட்டினியாண்ணா?"

"கழட்டினேன்னுதான் தோணுது." அவன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டான். "ஆனா தெனம் கழட்டறதுதானே கன்னி. கண்ண மூடினா ரப்பர் பேண்ட இழுக்கறது தெரியுது. அது அன்னிக்கு இழுத்ததா, முந்தாநாள் இழுத்ததா, அது எப்டித் தெரியும்?"

அவள் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாசனை வந்துச்சு" என்றான் அவன், குரலை இறக்கி. "எப்பவும் கொஞ்சம் வரும். வேலைக்குச் சேந்து ஒரு மாசத்துல மூக்குக்கு அது பழகிப்பூடும். அன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா இருந்தாமாதிரி இருந்துச்சு. ஸ்கிரீனப் பாத்தேன். ஏழு. மெஷின் சொல்லுதே, நம்ம மூக்குக்கு இன்னா தெரியும்னு உக்காந்துட்டேன்."

"அண்ணா, அந்த ஏழு..."

"திங்கக்கெழம கையெழுத்து போட்டுடறேன். மறந்துட்டேன்னு ஒத்துக்கினா கேஸ் சின்னதா முடிஞ்சிடும்னு முனுசாமி சார் சொல்றாரு."

"ஒத்துக்கினா உன்னாலதான் அவங்க செத்தாங்கன்னு ஆவுண்ணா."

"ஆவலியா இன்னா?"

ரூபா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். வெளியே தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. சீசன் நடுவில் ஓர் ஆள் செத்துப்போனதற்காகப் பழம் காத்திருக்காது.

ஆலையில் மேனேஜர் முனுசாமி அவளை உள்ளே விட்டார். பெட்டி மென்பொருள் கம்பெனி ஆள் என்றதும் மரியாதையாகவே பேசினார். யாருடைய தங்கை என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விபத்து நடந்த அறைப் பெட்டியையும் கேபிளையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தது. இரண்டாவது குளிர் அறை ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெட்டி சுவரில் இருந்தது.

பெட்டியைப் பார்த்ததும் அவள் கிட்டத்தில் போனாள். மேலே நடுவில் மஞ்சள், அதன்மேல் குங்குமம். கீழே கேபிள் நுழைகிற இடத்திலும் கனமாக ஒரு பொட்டு. பழைய பொட்டு காய்ந்து கறுத்திருந்தது, அதன்மேலேயே புதுசு.

"இது?"

"சீசன் பூஜைம்மா. மொத லோடு எறங்கற அன்னிக்கு மோட்டார்லேர்ந்து தராசு வரைக்கும் எல்லாத்துக்கும் வெப்போம். எந்த மெஷினுக்கு வாய் எங்க கீதோ அங்க ஒண்ணு வெக்கணும்னு பொம்பளைங்க சொல்லுவாங்க." முனுசாமி கொஞ்சம் தயங்கினார். "சுந்தரம்மா கைதான் ராசின்னு ஒவ்வொரு வருஷமும் அவதான் வெப்பா. அந்த ரூம்லயும் இதேமாதிரிதான் வெச்சிருந்தா."

கன்னிகா கேபிளை மெல்ல இழுத்தாள். யூஎஸ்பி முனைக்குள் நான்கு தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் இரண்டும் பேச்சுக்கு. குழைத்த மஞ்சள் உள்ளே இறங்கியிருந்தது. தினமும் தரை கழுவுகிற குளோரின் தண்ணீரின் ஈரம் அதில் ஊறி, நடுத் தகடுகளில் ஒன்று களிம்பு பூத்து அரித்திருந்தது. மற்ற மூன்றும் பளபளவென்று இருந்தன.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ஒரு பெட்டி செருகப்பட்டிருக்கிறதா என்று கணினி எப்படித் தெரிந்துகொள்கிறது? பேச்சுக்கான இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டும் பெட்டி எப்போதும் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த வகைப் பெட்டியில் அது பச்சைக் கம்பி, மற்றது வெள்ளை. பச்சை மேலே இருக்கும்வரை, பெட்டி இருக்கிறது என்று கணினி நம்பும். ஆனால் பேசுவதற்குப் பச்சையும் வெள்ளையும் இரண்டும் வேண்டும். அரித்திருந்தது வெள்ளைக் கம்பியின் தகடு. வெள்ளை மட்டும் அறுந்தால் பெட்டி இருக்கும். அது சொல்வது எதுவும் விளங்காது. கேள்வி ஒவ்வொன்றுக்கும் பிழை வரும், டிரைவர் அதை விட்டுவிட்டு மறுபடி கேட்கும், மூலையில் பழைய எண் கிடக்கும்.

கேபிளை மொத்தமாகப் பிடுங்கினால் இரண்டு கம்பியும் ஒன்றாகப் போகும். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சோதிப்பார்கள். யஸ்வந்தும் அப்படித்தான் சோதித்திருப்பான். அவளும் நேற்று முழுக்க அதைத்தான் செய்தாள்.

"இன்னாம்மா, கெட்டுப்போச்சா?" என்றார் முனுசாமி.

"இந்த அரிப்பு இன்னும் கொஞ்சம் போனா இந்த ரூம்லயும் எண் அப்டியே நின்னுடும் சார். மொதல்ல கேபிள மாத்துங்க. மாத்தறவரைக்கும் யாரும் உள்ள போவ வேணாம்."

அவர் முனையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் மெதுவாக மாறியது. "அப்போ... அவ வெச்ச பொட்டே அவளுக்கு எமனாப்பூட்ச்சா? அப்டீன்னா எங்க மேல ஒண்ணும் இல்லியே? அந்தப் பையன் மேலகூட இல்ல. அவளே பண்ணிக்கினதுதானே?"

மணிவேலைக் காப்பாற்ற ஒரு வழி அந்த நிமிடம் திறந்தது. 'ஆமாம்' என்று அவள் தலையசைத்தால் போதும். செத்தவள் வந்து மறுக்கப்போவதில்லை. தலையசைக்க ஒரு கணம் ஆசைப்பட்டாள் என்பது உண்மை.

"கம்பின்னா கெடும் சார்" என்றாள் கடைசியில். "எறும்பு போவும், எலி கடிக்கும், துரு புடிக்கும், மஞ்சள் போவும். பொட்டு வெச்சவங்க மேல ஒரு தப்பும் இல்ல. கம்பி கெட்டப்போ அத வெளிய சொல்ல வேண்டியது எங்க வேல. நாங்க சொல்லல."

முனுசாமி அதை ரசிக்கவில்லை. கேபிளை மாற்ற ஆளைக் கூப்பிட்டார்.

திருப்பதிக்குத் திரும்பியதும் ஒரு பழைய கேபிளின் தோலைச் சீவி, வெள்ளைக் கம்பியை மட்டும் வெளியே எடுத்தாள். பெட்டியைச் செருகினாள். எண் ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என்று ஆடியது. யஸ்வந்த் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் வெள்ளைக் கம்பியை வெட்டினாள்.

இரண்டு. இரண்டு. இரண்டு.

சிவப்பு எழுத்து வரவில்லை. அமோனியாக் கரைசல் பாட்டிலைத் திறந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். நெடி ஏறி யஸ்வந்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஜன்னலைத் திறக்க ஓடினான். திரையில் இரண்டு.

அவன் ஜன்னலோரத்திலேயே நின்றான். பிறகு, "அக்கா, அந்த அம்மா பேர் இன்னா?" என்று கேட்டான்.

"சுந்தரம்மா."

அவளுக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை. பாதுகாப்புக் கருவிக்கான கோடு என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை, எழுதியதை யாரும் படித்துப் பார்க்கவும் இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த மூன்றாவது கிளையை மாற்றி எழுதினார்கள்.

ரிவ்யூ குறிப்பைச் சிட்டிபாபு இரண்டு தடவை படித்தார். "சின்ன மேம்பாடுன்னு போட்டா போதாதாம்மா? இப்டி வெட்டவெளிச்சமா எழுதினா கம்பெனி நிக்குமா?"

"தெரியாது சார்."

"உங்க அண்ணனுக்காகப் பண்றியா?"

"ஆமா சார். ஆனா இதே பெட்டி இன்னும் எத்தன ஃபேக்டரில மாட்டிக்கினு கீது? எல்லாத்துக்கும் சீசன் பூஜ ஆயிடுச்சு. பொட்டும் வெச்சாச்சு. சின்ன மேம்பாடுன்னா யாராவது சீசன் நடுவுல மெஷின நிறுத்திட்டு இத ஏத்துவாங்களா?"

சிட்டிபாபு கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது பேரின் சம்பளம் அந்தக் கைகளுக்குப் பின்னால் இருந்தது, அவளுடையதும் சேர்த்து. பிறகு, "அனுப்பிடு" என்றார். "எல்லா ஃபேக்டரிக்கும். லேபர் ஆபீசுக்கும் ஒரு காப்பி."

அவள் மாடிப்படியில் நின்று மணிவேலுக்குப் போன் செய்தாள். கம்பி, தகடு, ஏழு என்று எல்லாவற்றையும் சொன்னாள். கையெழுத்துப் போடாதே என்றாள்.

"சரி. போடல" என்றான். கொஞ்சம் பொறுத்து, "கவர் கழட்டியிருந்தேன் இல்ல?" என்று கேட்டான்.

"கழட்டினியோ இல்லியோ, அந்த ஏழு கவரால வரலண்ணா."

"மூக்கு சொல்லிச்சு கன்னி. நான்தான் ஸ்கிரீனப் பாத்தேன்."

அதைச் சரிசெய்ய அவளுக்குத் தெரிந்த கோடு எதுவும் இல்லை. போய்ச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு வைத்தாள். மேலே ஏறி வந்து குறிப்பை அனுப்பினாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

'கேபிளில் ஒரு கம்பி மட்டும் கெட்டுப்போனால் எங்கள் டிரைவர் பிழையை மறைத்துவிட்டுப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. இது எங்கள் தவறு. ஆபரேட்டர் கவரைக் கழற்றினாலும் கழற்றாவிட்டாலும் எண் இப்படித்தான் நின்றிருக்கும். இப்போது மாற்றியிருக்கிறோம். ஒவ்வொரு எண்ணோடும் அது வந்த நேரத்தையும் டிரைவர் வைத்துக்கொள்ளும். மூன்று நொடிக்கு மேல் பழையதான எண்ணை யாருக்கும் தராது. அதற்குப் பதிலாகப் பிழையைத் தரும். பிழை வந்தால் திரையில் எண் அழிந்து அலாரம் அடிக்கும். வெள்ளைக் கம்பியை வெட்டிச் சோதித்தோம். நான்காவது நொடியில் அலாரம் அடித்தது.'